ஒரு ஜாக்கெட் நேரத்தில் வேகும் பயறு

அந்த வீட்டில் அடுப்பில் ஏறியதைக் கடிகாரம் பார்த்து யாரும் இறக்குவதில்லை. தையல்காரர் வீடு. கிழங்கு வேக ஒரு தலையணை உறை நேரம். சோற்றுக்கு ஒரு உள்பாவாடை நேரம். காட்டுப்பயறுக்கு மட்டும் ஒரு ஜாக்கெட் நேரம். வெட்டி வைத்த துணியில் தோள் சேர்த்து, கை ஏற்றி, ஓரம் மடித்து, கொக்கி கட்டி முடிப்பதற்குள் பயறு விரலில் நசுங்கி மாவாகிவிடும். அறுவடை ஆன புதிதில் அப்படித்தான் இருந்தது. பிறகு அது ஒரு முழுக்கைச் சட்டை நேரம் ஆனது. இப்போது ஒரு கோட்டையே தைத்து முடித்துவிடலாம், பயறு பாத்திரத்துக்குள் கடகடவென்று உருண்டுகொண்டு கிடக்கிறது.

"என்ன, இன்னிக்கும் கோட்டா?" என்று முன்னறையிலிருந்து குரல் கொடுத்தார் தையல்காரர்.

"கோட்டு, பேண்டு, உள்ள போடுற வெயிஸ்ட்கோட்டு எல்லாம் ஆச்சு. இந்நேரம் மாப்பிள்ளை தாலி கட்டி, பொண்ணைக் கூட்டிட்டு ஊருக்கே போய்ச் சேர்ந்திருப்பான்" என்றாள் அவர் மனைவி.

முன்னறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவளுக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது. கேஸ் தீர்கிறது, பாத்திரத்தின் அடி கறுக்கிறது, அவள் இடுப்பு ஒடிகிறது, மனிதருக்குச் சிரிப்பு வருகிறது.

இத்தனைக்கும் அந்தப் பயறு யாரும் கேட்டு வந்ததில்லை. கைவிட்டுப்போன கல்குவாரியின் கம்பிவேலியில் படர்ந்து கிடந்த கொடி. பட்டன் துளைக்கான காஜா நூல் வாங்கப் போன மனிதர் நூலை மறந்துவிட்டு, சட்டைப்பை நிறையக் காய்ந்த நெற்றுகளோடு திரும்பி வந்தார். இஸ்திரி மேசைமேல் உரித்துக் கொட்டினார். காலர் பட்டன் அளவு, ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் லேசான மேடு. ஒவ்வொன்றாக எடுத்து விரலிடுக்கில் உருட்டினார், மேசையில் போட்டுச் சத்தம் கேட்டார், பல்லில் வைத்துக் கடித்தார், உள்ளங்கையில் குவித்துத் தூக்கிப் பார்த்தார்.

"வழுவழுன்னு இருக்கு பாரு. தோலு தடிமன். உள்ள காத்து இல்ல, கெட்டியா உக்காந்திருக்கு. இது சாதாரண சரக்கு இல்ல."

"நூல் எங்க?" என்றாள் அவள்.

விவசாய ஆபீசில் போய்க் கேட்டதற்கு, முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டால் கசப்பும் தீங்கும் போய்விடும், பயமில்லாமல் சாப்பிடலாம், ஆனால் பயிர் செய்ய ஆள் இல்லை என்றார்களாம். ஆள் இல்லை என்ற வார்த்தை போதாதா இவருக்கு. அவளுடைய அப்பா வீட்டுப் பங்காக வந்த கல்லுக்காடு ஒன்று இருந்தது. அதில் கல்லைத் தவிர ஒன்றும் முளைத்ததில்லை. அங்கேயே விதைக்கிறேன் என்று கிளம்பிவிட்டார். சும்மா விதைத்தால் தோல் தண்ணீரை உள்ளே விடாது என்று, உப்புத்தாளை மடியில் விரித்து, விதையை ஒவ்வொன்றாக அதில் தேய்த்து முதுகில் கீறல் போட்டார். தைக்கக் கொடுத்தவர்கள் துணி கேட்டு வந்து நின்றால், உப்புத்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே நாளைக்கு என்பார். தெருவில் அவருக்குப் பயறு டெய்லர் என்று பெயர் விழுந்தது அப்போதுதான்.

பயறு வந்தது. மூட்டை மூட்டையாக வந்தது. பொய் சொல்லக்கூடாது, நன்றாகவும் இருந்தது. தோல் பிரியாமல், உடையாமல், ஆனால் வாயில் வைத்தால் கரைந்துபோகிற மாதிரி வெந்தது. நெய் விட்டதுபோல ஒரு வாசனை. முதல் முறை தின்றபோது அவளே இரண்டாம் தடவை போட்டுக்கொண்டாள்.

அதை வைத்துத்தான் இப்போது வியாபாரப் பேச்சு நடந்தது. நர்சிங் படிக்கும் பெண்கள் தங்கும் ஹாஸ்டல் ஒன்று பக்கத்தில் இருந்தது. அதன் சமையல் பொறுப்பில் இருந்த அம்மாள், வேகவைக்கிற அன்றைக்குச் சொல்லுங்கள், வந்து தின்று பார்க்கிறேன், பிடித்திருந்தால் வருஷா வருஷம் உங்களிடமே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தாள். அது அமைந்தால் இவர்கள் பிழைத்தார்கள். ஏனென்றால் தையல் படுத்துவிட்டது. கொக்கி ஒரு பக்கமும் கண்ணி ஒரு பக்கமுமாகப் போகிறது என்று பழைய வாடிக்கைகளே துணியைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். ஸ்கூல் யூனிபாரம் வேறு கடைக்குப் போய்விட்டது. கேட்டால் இப்போதெல்லாம் நூல் சரியில்லை என்பார், வெளிச்சம் சரியில்லை என்பார். கண்ணாடியை மாற்றுங்கள் என்று அவள் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனது.

பயறும் கைவிட்டால் அந்த வீட்டில் அடுத்து என்ன என்பதை யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. அவள் பாத்திரத்தைக் கிளறும் வேகத்தில் மட்டும் அது தெரிந்தது.

"அண்ணி, கொஞ்சம் தின்னு பாருங்க" என்று ஒரு கரண்டி எடுத்து நாத்தனாரிடம் நீட்டினாள்.

தையல்காரரின் அக்கா அவர்களோடேயே இருந்தாள். பட்டன் கட்டுவது, நூல் பிரிப்பது அவள் வேலை. வாயில் பல் இருந்தது சில இடங்களில்தான். தம்பி செய்தது தப்பாகப் போகும் என்பது அவள் அறிவுக்கு எட்டாத விஷயம்.

"வெண்ணெய்யா வெந்திருக்கு" என்றாள், வாயை மூடியபடி.

"மெல்லவே இல்லையே நீங்க."

"மெல்ல வேண்டிய அவசியமே இல்லேங்கறேன்."

"வாயைத் தெறங்க."

வாயைத் திறக்கவில்லை. சொம்பை எடுத்து மடக்கென்று தண்ணீர் குடித்தாள். மாத்திரை விழுங்குகிற மாதிரி தொண்டை ஏறி இறங்கியது.

"முழுசா முழுங்குறீங்களா? இத்தனை நாளும் இப்படித்தானா?"

"என் தம்பி மனசு கஷ்டப்படுமே" என்றாள் நாத்தனார்.

இவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவள் கரண்டியை வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்ச் சற்று நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

விஷயம் பிடிபட்டது இரண்டு நாள் கழித்து. பின்கட்டில் தண்ணீர் டிரம்மை நகர்த்திக் கழுவும்போது, அதன் பின்னால் ஒரு தகர டின் கிடைத்தது. அறுவடை சமயத்தில் வீட்டுக்கு என்று அவளே போட்டு மூடிவைத்து மறந்துபோன பயறு. குளிர்ந்த தரையில் இத்தனை மாதமும் கிடந்திருக்கிறது. ஒரு கைப்பிடி ஊறவைத்து அடுப்பில் ஏற்றினாள். முன்னறையில் ஒரு ஜாக்கெட் தைத்து, நாத்தனார் அதற்குக் கொக்கி கட்டி முடிப்பதற்குள் வெந்து மலர்ந்துவிட்டது.

டின் பயறையும் மூட்டைப் பயறையும் முறத்தில் பக்கத்தில் பக்கத்தில் பரப்பிப் பார்த்தாள். டின்னில் இருந்தது சாம்பலும் பச்சையும் கலந்த நிறம், கொடியிலிருந்து வந்தபடியே. மூட்டையில் இருந்தது டீத்தூள் வடிகட்டியில் தங்கிய மண்டி மாதிரி பழுப்பேறிக் கறுத்துக் கிடந்தது. ஒரே கொடி, ஒரே காடு, ஒரே அறுவடை.

அவள் மெதுவாக முன்னறைக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். இஸ்திரி மேசைக்கு நேர் மேலே பரண். பரணில் மூட்டைகள். ஈரத்துணி போட்டு இஸ்திரி தேய்க்கும்போது எழும்பிய ஆவி உஸ்ஸென்று மேலே போய் மூட்டைகளைத் தடவிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை, அறுவடை முடிந்த நாளிலிருந்து இன்று வரை, சூடும் ஈரமும் மாறி மாறி. பூச்சி வராது, கதகதப்பாக இருக்கும் என்று அவரேதான் ஏணி போட்டு ஏற்றினார். கைக்குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி பார்த்துப் பார்த்து ஏற்றினார்.

"என்னங்க, இஸ்திரியை நிறுத்துங்க" என்றாள்.

"ஏன்?"

"உங்க பயறை நீங்களே வேகாம அடிச்சிட்டீங்க. அந்த ஆவிதான் கெடுத்திருக்கு."

"ஆவி பட்டா வேகத்தானே செய்யும், வேகாம எப்படிப் போகும்? பேசறதைக் கொஞ்சம் யோசிச்சுப் பேசு. ஒரு பூச்சி இருக்கா அதுல? ஒரு ஓட்டை இருக்கா? கையில எடுத்தா எப்படி உருளுது தெரியுமா? பட்டன் கம்பெனிக்காரன்கூட இப்படிக் கொடுக்க மாட்டான்."

"உருண்டா போதுமா? நிறத்தைப் பாருங்க. எப்படிக் கறுத்துப்போச்சு."

முறத்தை அவர் மூக்குக்குக் கீழே நீட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை அள்ளிப் பார்த்தார்.

"எங்க கறுத்துச்சு? ரெண்டும் ஒரே நிறம்தான். உனக்கு இந்தப் பயறு ஆகாது, அதான் விஷயம். மொதல்ல இருந்தே ஆகாது."

அவள் முறத்தை அவர் தலையில் கவிழ்க்காமல் இருந்தது பெரிய விஷயம். இப்படி ஒரு பிடிவாதமா? எதிரில் இருப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இல்லை என்று சாதிக்கிற ஆளிடம் என்ன பேசுவது? இரவுச் சாப்பாட்டின்போது இரண்டு பேரும் நாத்தனார் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். "உப்பு வேணுமான்னு கேளுங்க அண்ணி." "வேண்டாம்னு சொல்லு அக்கா."

ஹாஸ்டல்காரம்மா மறுநாளே வருவதாகச் சொல்லியனுப்பிவிட்டாள். சாயங்காலம் தையல்காரர் மூட்டையிலிருந்து அளந்து எடுத்து ஒரு பாத்திரத்தில் ஊறவைத்தார். அவர் அந்தப் பக்கம் போனதும், அவள் டின்னில் இருந்ததையெல்லாம் தட்டி இன்னொரு பாத்திரத்தில் ஊறவைத்தாள். அவள் கணக்கு இதுதான். நாளைக்கு இந்த நல்ல பயறைத் தின்னட்டும். பிடித்துப்போய் ஆர்டர் கொடுக்கட்டும். மூட்டைகளைக் கேட்டால் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டு, அடுத்த விளைச்சலைத் தரையில் குளிர்ச்சியாக வைத்துக் கொடுத்துவிடலாம். சரியான வழி இல்லைதான். அவளுக்கும் தெரியும். ஆனால் இந்த மனிதரை வைத்துக்கொண்டு சரியான வழியில் எங்கே போய்ச் சேருவது?

காலையில் அவருடைய பாத்திரத்தைத் பாத்திரம் கழுவும் தொட்டித் திண்டுக்குக் கீழே தள்ளி வைத்துவிட்டு, தன்னுடையதை அடுப்பில் ஏற்றினாள். முதல் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீர் ஊற்றினாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

ஹாஸ்டல்காரம்மா கனத்த உடம்புக்காரி. பெரிய பாத்திரங்களைத் தூக்கித் தூக்கித் தோள் இரண்டும் பலகையாக இருந்தன. உட்கார்ந்ததுமே சொன்னாள், "எனக்கு வேற ஒண்ணும் வேணாம். என் பிள்ளைங்க வார்டுல நின்னுட்டு வந்து பசியோட உக்காரும். பல்லுல கல்லு மாதிரி அகப்பட்டா தட்டோட எம்மேல வீசும். சொன்ன நேரத்துல வேகணும், எல்லாம் ஒண்ணுபோல வேகணும். அவ்வளவுதான்."

"ஒரு ஜாக்கெட் நேரம்மா" என்றார் தையல்காரர்.

"என்னது?"

"இவர் அப்படித்தாம்மா சொல்லுவாரு. சீக்கிரம் வெந்துடும்னு அர்த்தம்" என்று மனைவி சமாளித்தாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்து, ஹாஸ்டல் கதைகளைக் கேட்டுப் பேச்சுக் கொடுத்தாள். தையல்காரர் எழுந்து உள்ளே போனார், வந்தார். பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வருகிறார் என்று அவளுக்குத் தெரியும். பார்க்கட்டும். இன்றைக்கு மனிதர் சந்தோஷப்படலாம்.

நேரம் வந்ததும் போய்ப் பாத்திரத்தைத் திறந்தாள். அவள் போட்ட அளவுக்கு மேல், பாத்திரம் விளிம்பு வரை பயறு.

"நீ பாதிதான் போட்டிருந்தே" என்று பின்னாலிருந்து அவர் மெல்லச் சொன்னார். "நான் ஊறவச்சதைத் திண்டுக்குக் கீழ மறந்துட்டே. நான்தான் எடுத்து, முதல் தண்ணி தனியாக் காய்ச்சி இறுத்துட்டு, இதுல சேர்த்தேன். நல்லா ஊறியிருந்துச்சு. ஒரே மாதிரி."

கறுத்ததைப் பொறுக்கி எடுக்கலாம் என்று கரண்டியை விட்டாள். அதற்குள் ஹாஸ்டல்காரம்மா சமையலறை வாசலில் வந்து நின்றுவிட்டாள். எப்போதும் பந்தி பார்த்தே பழகிய கை, தானே தட்டை எடுத்து, தானே அள்ளிப் போட்டுக்கொண்டது.

முதல் வாய்க்குத் தலையசைத்தாள். "ம், நல்லாருக்கு." இரண்டாம் வாயில் கடக் என்றது. அந்தச் சத்தம் அடுப்படியில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. நாத்தனார்கூடத் தன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

ஹாஸ்டல்காரம்மா வாயிலிருந்ததை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். தட்டில் விரலால் கிளறினாள். சாம்பல் பச்சை ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம் என்று பிரித்தாள். பச்சையை நசுக்கினாள், மாவானது. கறுப்பை நசுக்கினாள், விரலிடுக்கிலிருந்து தெறித்துச் சுவரில் பட்டு விழுந்தது.

"ஏம்மா, எத்தனை வருஷமா அடுப்படியில நிக்கறேன் நான்" என்றாள் தையல்காரர் மனைவியைப் பார்த்து. குரலை உயர்த்தவில்லை. "பழைய சரக்கைப் புதுசோட கலந்து தள்ளிடலாம்னு பாக்கறீங்களா? சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும் இது ரெண்டு சரக்குன்னு. அவரு பாவம், வெகுளியா நிக்கறாரு. சமைச்சது நீங்க. உங்களுக்குத் தெரியாம எப்படி?"

அவள் ஏமாற்றப் பார்த்தது பொய் இல்லை. ஆனால் ஏமாற்ற நினைத்த விதம் வேறு, இப்போது அகப்பட்டிருக்கிற விதம் வேறு. எதை எங்கிருந்து சொல்லத் தொடங்குவது என்று தெரியாமல் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவ இல்லீங்கம்மா" என்றார் தையல்காரர். "பரண்ல இருந்ததை நான்தான் கொட்டினேன்."

"நீங்க கொட்டினீங்க, சரி. கொட்டும்போது கண்ணு எங்க போச்சு? இது கறுப்பு, இது பச்சை."

தையல்காரர் தட்டைப் பார்த்தார். பிறகு ஹாஸ்டல்காரம்மாவின் முகம் இருந்த பக்கமாக நிமிர்ந்தார்.

"எனக்குத் தெரியலீங்க" என்றார். "கண்ணு தெரியல. வெளிச்சம், இருட்டு, ஆளு அசையறது, அவ்வளவு தெரியும். நிறம் போய் நாளாச்சு. பெரிய ஆஸ்பத்திரியில காட்டினேன். ஒண்ணு போயிடுச்சு, இன்னொண்ணு இருக்கற வரைக்கும் இருக்கும்னுட்டாங்க. அதுக்கப்புறம்தான் இந்தப் பயறைப் பிடிச்சேன். கையில உருட்டியே தெரிஞ்சுக்கலாம், சத்தத்துல தெரிஞ்சுக்கலாம், கடிச்சாத் தெரிஞ்சுடும். நிறம் மாறும்னு நான் நினைச்சுப் பாக்கலை. அவ சொன்னா. முறத்தைக் கொண்டாந்து காட்டினா. நான்தான் ரெண்டும் ஒண்ணுன்னு சாதிச்சேன். அவளைத் திருட்டுக்காரின்னு சொல்லாதீங்க."

அடுப்பில் இன்னும் சிம்மில் எரிந்துகொண்டிருந்ததை நாத்தனார் போய் அணைத்தாள்.

"திருட்டுத்தனம் நானும் பண்ணேன்மா" என்றாள் தையல்காரர் மனைவி. "நல்லதை மட்டும் உங்களுக்குக் காட்டணும்னுதான் தனியா எடுத்து வச்சேன். மூட்டையில இருக்கறது எல்லாம் இப்படித்தான், கறுத்துப்போச்சு. வேகாது. அது உங்களுக்கு வேணாம்."

ஹாஸ்டல்காரம்மா தட்டைக் கீழே வைத்தாள். வெளியே முன்னறைக்குப் போனாள். பரணை அண்ணாந்து பார்த்தாள், இஸ்திரி மேசையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இந்தச் சூட்டுக்கு மேல வச்சா எந்தப் பயறும் செத்துத்தான் போகும்" என்றாள். "இந்த மூட்டை எனக்கு வேணாம். அடுத்த விளைச்சலை இறக்கினதும் சொல்லியனுப்புங்க, வந்து மறுபடியும் தின்னு பாக்கறேன். எடுத்துக்கறேன்னு இப்பச் சொல்ல மாட்டேன்." செருப்பை மாட்டிக்கொண்டே, "தரையில வைங்க" என்றாள். போய்விட்டாள்.

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளுக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இத்தனை மாதமும் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்ததெல்லாம், அவசரத்துக்கு என்று நினைத்துக் கொடுத்தது. காலைக் காப்பியை மேசையில் எங்கே வைத்தேன் என்று ஒவ்வொரு நாளும் சொல்லிவிட்டு வந்தது, அவர் கேட்டதால். நூல் சரியில்லை, வெளிச்சம் சரியில்லை என்றதையெல்லாம் சோம்பல் என்று திட்டியது.

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா மெஷினை மூடச் சொல்லுவே."

"ஆமா, சொல்லுவேன்."

"அதான்."

"அதுக்காக முன்னப்பின்னத் தெரியாத ஒருத்திகிட்டச் சொல்லுவீங்களா? கட்டினவகிட்டச் சொல்ல முடியாது, ஹாஸ்டல்காரிகிட்டச் சொல்லலாம்."

"அவ உன்னைத் திட்டினாளே" என்றார்.

அவள் மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். மத்தியானம் ஆகிவிட்டது, வேறு எதுவும் சமைத்திருக்கவில்லை. பாத்திரத்தைத் தூக்கி வந்து நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவருக்கு ஒரு தட்டு, நாத்தனாருக்கு ஒரு தட்டு. கரண்டியால் அள்ளி, சாம்பல் பச்சையாக இருந்ததை விரலால் பொறுக்கி அவர் தட்டில் போட்டாள். கறுத்ததைப் பாத்திரத்து மூடியில் தள்ளினாள். ஒவ்வொரு அள்ளலுக்கும் ஒரு திட்டு திட்டினாள். பரணைத் திட்டினாள், இஸ்திரியைத் திட்டினாள், கல்குவாரியைத் திட்டினாள், ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய்வந்த நாளைத் திட்டினாள்.

அவர் ஒரு கை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனவர், பாதியில் நிறுத்தினார்.

"இதுல வேகாதது இருக்கா?"

"பாத்துத்தானே போடறேன்" என்றாள். "தின்னுங்க."